ஒரு சொடுக்குக்கு அறுபத்து மூன்று சென்ட்

ரீகாவில் வெப்பமானி மைனஸ் பதினெட்டுக்கு இறங்கும்போது
'பாய்லர் வேலை செய்யவில்லை' என்ற மூன்று சொற்களின்
விலை ஏறும்.
ஜூலையில் அவை ஒன்பது சென்டுக்குக் கிடந்தன,
சீந்துவார் இல்லை.
இன்று, நாலரைக்கே இருட்டிய பிறகு, அறுபத்து மூன்று.

நான் சொற்களை ஏலம் எடுப்பவள்.
மணியடிப்பதில்லை, கூச்சலில்லை.
குளிரில் விறைத்த விரல் தேடல் பொத்தானைத் தொட்டதும்
கண் இமைப்பதற்குள் நடந்து முடிந்துவிடுகிற ஏலம்.
அதிகம் தருபவனே வெல்வான் என்றும் இல்லை.
கதவைத் தட்டி வந்தவர்
உள்ளே கொஞ்சம் உட்கார்ந்தாரா என்றும் பார்ப்பார்கள்.

எங்கள் நிறுவனம் இரண்டு பேர், ஒரு வேன்.
ஐனார்ஸ் கையில் ஸ்பானர்.
என் கையில் நாளொன்றுக்கு முப்பது யூரோ.

காசு கொடுக்காத வழியும் உண்டு. மெதுவானது.
மூன்று வருடம் முன்பு, வேலையில்லாத ஒரு ஞாயிறு,
ரேடியேட்டரில் சிக்கிய காற்றை
எப்படி வெளியேற்றுவது என்று எழுதிவைத்தேன்.
பழந்துணி பிடித்துக்கொள்ளுங்கள்,
கறுப்புத் தண்ணீர் தெறிக்கும் என்றும்.
ஒரு வருடம் அது கிணற்றில் போட்ட கல்.
பிறகு எப்படியோ மிதந்து மேலே வந்தது.
வருகிறவர்கள் படிக்கிறார்கள், தாங்களே காற்றைத் திறந்துவிடுகிறார்கள்,
நன்றிகூடச் சொல்லாமல் போகிறார்கள்.

"நம் பிழைப்பை நீயே சொல்லிக்கொடுக்கிறாய்" என்றான் ஐனார்ஸ்.
காற்று மட்டும்தான் என்றால் நம்மைக் கூப்பிட மாட்டார்கள்.
காற்று மட்டும் இல்லை என்று தெரியவரும் இரவில்
வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

செப்டம்பரில் பழைய வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல்.
இருநூற்றுப் பதினொரு பேர். நாற்பது பேர் திறந்தார்கள்.
ஒருவர் பதில் எழுதினார்:
'வீட்டை விற்றுவிட்டோம். பாய்லர் நன்றாகத்தான் இருந்தது.'

டிசம்பரில் ஒருநாள் ஐனார்ஸ் மூச்சுவாங்க ஓடிவந்தான்.
ஹாக்கி ஸ்கோர் பார்த்தால் நம் விளம்பரம்,
வானிலை பார்த்தால் நம் விளம்பரம்,
மீன் சூப் செய்முறையில் உப்புக்கும் மிளகுக்கும் நடுவே
நம் பாய்லர்!
"ரீகா முழுக்க நாம்தான்!"
மூக்கு நுனிவரை சிவந்திருந்தது அவனுக்கு, பெருமையால்.
எனக்குச் சொல்ல வாய் வரவில்லை:
நம் தளத்துக்கு வந்து திரும்பியவர் பின்னால்தான்
அது நாய்க்குட்டி மாதிரி போகும்.
தினமும் வந்து திரும்புகிறவன் நீ.
ரீகா முழுக்க இல்லை, ஐனார்ஸ்,
உன் சட்டைப்பை முழுக்க.

ஜனவரி. முப்பது யூரோ மதியத்துக்குள் கரைந்தது.
சொடுக்குகள் உண்டு, அழைப்பில்லை.
எதிராளியின் வேலை என்று மூன்று இரவு பல்லைக் கடித்தேன்.
நான்காம் இரவு தளத்தின் பதிவேட்டைத் தோண்டினால்
ஒரே முகவரி. காலை ஆறு பத்து. ஒன்பது. பதினொன்று.
எங்கள் வேனில் இருக்கும் ரவுட்டர்.

"இருக்கிறோமா என்று பார்த்தேன்."
பார்த்தால் போதாதா, தொடுவானேன்?
"திறக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?"

வேனின் முகவரிக்கு விளம்பரம் தெரியாதபடி தடுத்தேன்.
அவனிடம் சொல்லவில்லை. அது என் தப்பு.

நேற்றிரவு பதினொன்றரைக்கு போன் அலறியது.
"நாம் காணாமல் போய்விட்டோம்!"
எங்கிருந்து பேசுகிறாய்?
"ஆகென்ஸ்கால்ன்ஸ். மரவீடு. வாசலில் வேன், நான் நிலவறையில்.
எத்தனை முறை தேடினாலும் நாம் இல்லை, அவன்தான் இருக்கிறான்!"
உனக்கு மட்டும்தான் இல்லை, என்றேன்.
எப்படி நம்புவான்?

அந்த வீட்டம்மா பெயர் ஸ்போத்ரா. அவளிடம் போனைக் கேட்டான்.
கேட்டது எனக்கும் கேட்டது.
"பொறுங்கள், கை கழுவிவிட்டு வருகிறேன்,
எல்லாம் கறுப்புத் தண்ணீர்" என்றாள் அவள்.

குழாய் ஓசை. பிறகு அவன் மூச்சு.
எங்கோ அடியில் 'டப்' என்று சுடர் பிடிக்கும் சத்தம்.
"இருக்கிறோம்" என்றான். "முதல் இடத்தில்."

தொடாதே, என்று நான் சொல்வதற்குள்
என் திரையில்
அறுபத்து மூன்று சென்ட் குறைந்தது.